கார் கண்ணாடியில பிடிவாதமா ஒட்டியிருக்கிற கறைய கீறல் விழாம எடுக்குறது எப்படி – முழு வழிகாட்டி

முதல்லயே ஒண்ண ஒத்துக்கிறேன். என் காரோட டிரைவர் பக்கத்து கண்ணாடியில, சாயங்கால வெயில் சாய்ஞ்சு அடிக்கிறப்ப மட்டும் தெரியிற மாதிரி உள்ளங்கை அளவுக்கு மெல்லிசா வட்ட வட்டமா கீறல் இருக்கு. போட்டது வேற யாரும் இல்ல, நான்தான். காஞ்சு போன பறவை எச்சம், தண்ணி ஊத்தி துடைச்சேன் போகல, அவசரத்துல பாத்திரம் தேய்க்கிற பச்சை ஸ்க்ரப்பர எடுத்து நாலு தேய் தேய்ச்சேன், எச்சம் அரை நிமிஷத்துல போயிடுச்சு, கீறல் மட்டும் வருஷக்கணக்கா அப்படியே இருக்கு. அப்புறம் படிச்சுப் பாத்தாதான் தெரியுது அந்த பச்சை ஸ்க்ரப்பர்ல பல வகையில அலுமினியம் ஆக்சைடு பொடி ஒட்டியிருப்பாங்களாம், கண்ணாடிய விட எவ்வளவோ கடினமான சாமான், அதாவது நான் கண்ணாடிய கழுவல, உப்புத்தாள் போட்டிருக்கேன்.

அதனால இதுல முழுக்க ஒரே ஒரு கணக்குதான். கறை இன்னைக்கு போகலன்னா நாளைக்கு எடுத்துக்கலாம், கீறல் விழுந்தா போச்சு. எப்பவும் சாதுவான முறையில ஆரம்பிச்சு, அது வேலைக்கு ஆகலன்னு நல்லா தெரிஞ்ச அப்புறம்தான் அடுத்த படிக்கு போகணும், எடுத்த எடுப்புல பிளேடு, பாலிஷ்னு இறங்கக்கூடாது.

கண்ணாடிய பத்தி கொஞ்சம் தெரிஞ்சுக்கங்க

முன்னாடி இருக்கிற விண்ட்ஷீல்டும் கதவு கண்ணாடியும் ஒரே சாமான் இல்ல. விண்ட்ஷீல்டு லேமினேட்டட், ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் ஷீட்ட வச்சு ஒட்டினது, அதனாலதான் கல்லு அடிச்சா சிலந்தி வலை மாதிரி விரிசல் விட்டுட்டு உதிராம அப்படியே நிக்கும். கதவு கண்ணாடியும் பின்பக்க கண்ணாடியும் பெரும்பாலும் டெம்பர்ட், நல்லா சூடு பண்ணி சட்டுனு குளிர வச்சது, உடைஞ்சா குட்டி குட்டி துண்டா கொட்டிடும். சில புது கார்ல கதவு கண்ணாடியும் லேமினேட்டட்டா வருது, மூலையில பொடி எழுத்துல அச்சடிச்சிருக்கும், வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்கங்க.

கடினத்தன்மைய அளக்குற மோஸ் அளவுகோல்ல கண்ணாடி சுமாரா 5.5, சாதாரண மணல்ல இருக்கிற குவார்ட்ஸ் 7. இந்த ரெண்டு நம்பர் மட்டும் ஞாபகம் இருந்தா போதும். துணி கண்ணாடிய கீறாது, துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்ட ஒரு மணல்துகள்தான் கீறும். காஞ்ச கண்ணாடிய காஞ்ச துணியால "சும்மா ஒரு துடை" துடைக்கிறாங்களே, அதுதான் இருக்கிறதுலயே மோசமான பழக்கம்.

இது என்ன கறைன்னு கண்டுபிடிங்க

பாதிப் பேர் தோத்துப் போறது இங்கதான், கறை உப்பா பிசினா எண்ணெயான்னு பாக்காமலே கையில கிடைச்சத ஊத்துறது. உப்புக் கறைக்கு ஸ்பிரிட் போட்டா ஒண்ணும் நடக்காது, பிசினுக்கு வினிகர் போட்டாலும் ஒண்ணும் நடக்காது, அப்புறம் "எதுவுமே வேலை செய்யல"ன்னு பிளேட எடுத்துருவாங்க.

முதல்ல கறை உள்பக்கமா வெளிபக்கமான்னு பாருங்க, ஏன்னா உள்ள இருக்கிற கறைய வெளியில அரை மணி நேரம் தேய்ச்ச ஆளுங்கள எனக்குத் தெரியும். கறை மேல விரல வச்சுக்கிட்டு தலைய அப்படி இப்படி அசைச்சுப் பாத்தா, விரலும் கறையும் ஒட்டியே நகர்ந்தா அது அந்தப் பக்கம்தான், விலகி நகர்ந்தா மறுபக்கம்.

அடுத்தது தண்ணி தெளிச்சுப் பாக்குறது. நனைஞ்சதும் காணாம போயி, காஞ்சதும் அதே இடத்துல வெள்ளையா திரும்ப வந்து நின்னா அது உப்புத் தண்ணி காஞ்ச படிவு, இல்லன்னா அந்த படிவு கண்ணாடிய அரிச்ச தழும்பு. தண்ணி பட்டதும் கொழகொழன்னு ஆனா பறவை எச்சம், பூச்சி மாதிரி. தண்ணி படவே மாட்டேங்குது, முத்து முத்தா உருண்டு ஓடுது, கறை மஞ்சளா பழுப்பா மேடா இருக்குன்னா மரப்பிசின், கறுப்புப் புள்ளின்னா தார். வானவில் மாதிரி கலர் அடிச்சு, வைப்பர் போட்டா பால் தெளிச்ச மாதிரி பரவுதுன்னா எண்ணெய்ப் படலம், வேக்ஸ் அந்த மாதிரி.

கறையா கீறலான்னு சந்தேகமா இருந்தா நகத்த குறுக்கால ஓட்டுங்க, நகம் ஒரு இடத்துல மாட்டி நின்னா அது ஆழமான கீறல், எந்த மருந்துக்கும் போகாது. படிவு மேல இருக்கா உள்ள அரிச்சிருக்கான்னு பாக்க இன்னொரு வழி இருக்கு, கண்ணாடிய கழுவிட்டு மெல்லிசான பிளாஸ்டிக் கவர்ல கைய விட்டுக்கிட்டு விரல் நுனியால தடவுங்க, வெறும் விரலுக்கு தெரியாத சொரசொரப்பு கவர் வழியா அப்படியே தெரியும். சொரசொரன்னு இருந்தா மேல ஏதோ ஒட்டியிருக்குன்னு அர்த்தம், அது நல்ல செய்தி. வழவழன்னு இருக்கு ஆனா கண்ணுக்கு வட்டம் தெரியுதுன்னா பெரும்பாலும் அரிப்பு.

கையில என்னென்ன வேணும்

சுத்தமான மைக்ரோஃபைபர் துணி ஒரு ஆறு ஏழு, நீளமான முடி வச்சது வேண்டாம், குட்டையா இருக்கிறது இல்ல வாஃபிள் மாதிரி கட்டம் போட்டது நல்லது. ரெண்டு பக்கெட், கார் ஷாம்பூ, ஸ்ப்ரே பாட்டில் ரெண்டு மூணு, வெள்ளை வினிகர், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் (ஒரு வகை ஸ்பிரிட்), டிஷ்யூ பேப்பர், ரப்பர் கையுறை, டிஸ்டில்ட் வாட்டர் கொஞ்சம். துணிய துவைக்கிறப்ப ஃபேப்ரிக் சாஃப்ட்னர் ஊத்தாதீங்க, அது துணியில ஒரு படலம் விட்டு, அது கண்ணாடிக்கு வந்து கோடு கோடா இழுக்கும். கீழ விழுந்த துணிய அப்படியே எடுத்து துடைக்காதீங்க, துவைக்கப் போட்டுட்டு வேற எடுங்க, இத நான் எவ்வளவு சொன்னாலும் யாரும் கேக்குறதில்ல.

நேரம்னு பாத்தா காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, நிழல்ல. கண்ணாடி தொட்டா ஜில்லுன்னு இருக்கணும். சூடான கண்ணாடியில எந்த மருந்து போட்டாலும் வேலை செய்யிறதுக்கு முன்னாடி காஞ்சு அதுவே புதுக் கறையாகும், அதோட வெயில்ல கொதிச்சுக்கிட்டு இருக்கிற விண்ட்ஷீல்டு மேல பச்சைத் தண்ணிய கொட்டினா, ஏற்கனவே கல்லடி பட்டு ஒரு சின்ன விரிசல் இருந்தா அது நீளமா ஓடிடும்.

படி 1: சும்மா கழுவுறது

சும்மான்னு சொன்னாலும் இதுதான் முக்கியமான படி. முதல்ல வெறும் தண்ணிய நல்லா அடிச்சு மணல் தூசிய எல்லாம் இறக்கிடுங்க, கைய வைக்காம. அப்புறம் ஒரு பக்கெட்ல ஷாம்பூ தண்ணி, இன்னொண்ணுல நல்ல தண்ணி, துணிய ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணியில அலசிட்டு திரும்ப ஷாம்பூல முக்கி, மேலருந்து கீழ. கதவு கண்ணாடிய ரெண்டு இன்ச் இறக்கிட்டு அந்த மேல் விளிம்பையும் துடைங்க, ரப்பருக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருக்கிற அழுக்கு அங்கதான் கோடா நிக்கும். கீழ கண்ணாடி இறங்குற இடத்துல கம்பளி மாதிரி இருக்கிற ஃபெல்ட் பட்டையையும் ஈரத் துணியால துடைச்சு விடுங்க, கதவு கண்ணாடியில செங்குத்தா கோடு கோடா கீறல் விழுறது பெரும்பாலும் அங்க சிக்கின மணலாலதான்.

இதுலயே பாதி கறை போயிடும். போகாதத மட்டும் அடுத்து பாப்போம்.

படி 2: உப்புத் தண்ணிக் கறை

எல்லாரும் அதிகமா திட்டுறது இந்தக் கறையத்தான், அதனால இங்க கொஞ்சம் நிக்கிறேன். போர் தண்ணியில கால்சியம், மெக்னீசியம் உப்பு கரைஞ்சிருக்கும், தண்ணி ஆவியாகிப் போயிடும், உப்பு போகாது, சொட்டோட ஓரத்துல வளையமா நின்னுடும். தண்ணி சூடு பண்ற பாத்திரத்தோட அடியில வெள்ளையா படியுதுல்ல, அதே சாமான்தான். தோட்டத்து ஸ்பிரிங்க்ளர் பக்கத்துல தினமும் வண்டிய நிறுத்துறவங்களுக்கு ஒரே பக்கத்து கண்ணாடி மட்டும் புள்ளி புள்ளியா இருக்கிறது இதனாலதான். இன்னொரு கூத்து, ஆர்ஓ மெஷின்லருந்து வர்ற கழிவுத் தண்ணிய வீணாக்க வேண்டாம்னு புடிச்சு வச்சு காருக்கு ஊத்துறாங்க, நல்ல எண்ணம்தான், ஆனா அந்தத் தண்ணியில சாதாரண தண்ணிய விட உப்பு அதிகம்.

இந்த உப்பு பெரும்பாலும் கார்பனேட், அதுக்கு மருந்து லேசான அமிலம். வெள்ளை வினிகர்ல சுமாரா 5 சதவீதம் அசிட்டிக் அமிலம் இருக்கும், அதுல பாதிக்குப் பாதி டிஸ்டில்ட் வாட்டர் கலந்துக்கங்க. இத ஸ்ப்ரே அடிச்சு உடனே துடைச்சா ஒண்ணும் நடக்காது, இங்கதான் பல பேர் "வினிகர் எல்லாம் வேஸ்ட்"னு முடிவு கட்டுறாங்க. அமிலத்துக்கு நேரம் குடுக்கணும். டிஷ்யூ பேப்பர வினிகர் தண்ணியில முக்கி கறை மேல ஒட்ட வைங்க, சாஞ்ச கண்ணாடியில கூட ஈரத்தோட அப்படியே ஒட்டிக்கும், காத்துக்குமிழி இல்லாம விரலால தடவி விடுங்க. 5 நிமிஷம், 10 நிமிஷம் போதும். படிவு கெட்டியா இருந்தா டிஷ்யூவோட ஓரத்துல ஊசிமுனை சைஸ்ல குமிழி வர்றது தெரியும், உப்பு கரையுதுன்னு அர்த்தம். பேப்பர் காய ஆரம்பிச்சா மேல இன்னொரு ஸ்ப்ரே, காய மட்டும் விடாதீங்க.

அப்புறம் பேப்பர உருவி எடுத்துட்டு, நனைஞ்ச மைக்ரோஃபைபரால நேர் கோடா தேய்ங்க, வட்டமா வேண்டாம், ஏன்னா தப்பித் தவறி ஒரு கீறல் விழுந்தாலும் நேர்க்கோட்டு கீறல் கண்ண அவ்வளவா உறுத்தாது. நல்ல தண்ணி ஊத்தி, ஷாம்பூ தண்ணியால ஒரு கழுவு, திரும்ப தண்ணி. வினிகர் தண்ணி வழிஞ்சு பெயிண்ட் மேலயோ அலுமினியம் பட்டை மேலயோ ரப்பர் மேலயோ நின்னா உடனே அலசிடுங்க, அமிலம் அமிலம்தான், அலுமினியத்துல வெளுத்த கறை போட்டா அத எடுக்க தனியா ஒரு வழிகாட்டி எழுத வேண்டி வரும்.

ரெண்டு மூணு சுத்து பண்ணியும் கறை இளைக்குது ஆனா முழுசா போகலன்னா சிட்ரிக் ஆசிட் பொடி ஒரு டேபிள்ஸ்பூன், கால் லிட்டர் தண்ணியில கரைச்சு அதே டிஷ்யூ வைத்தியம். கையுறை போட்டுக்கங்க, கண்ணுல படாம பாத்துக்கங்க.

ஒரு விஷயம், வினிகரையும் பேக்கிங் சோடாவையும் ஒண்ணா கலந்து நுரை வர வச்சு தேய்க்கிற வீடியோ ஊர்பட்டது சுத்துது. நுரை பாக்க நல்லாத்தான் இருக்கும், ஆனா அமிலமும் காரமும் ஒண்ணை ஒண்ணு சாப்பிட்டுட்டு மிச்சம் நிக்கிறது கிட்டத்தட்ட உப்புத் தண்ணி. தனித்தனியா போட்டா ரெண்டும் உபயோகம், முதல்ல வினிகர், கழுவிட்டு அப்புறம் வேணும்னா சோடாவ தண்ணியில குழைச்சு விரலால மெதுவா தேய்க்கலாம், சோடா கண்ணாடிய விட ரொம்ப மெது, கீறாது.

வினிகர், சிட்ரிக் ஆசிட் ரெண்டுக்கும் அசையவே இல்லன்னா? அப்ப அது ஒண்ணு சிலிக்கா படிவு, அது இந்த மாதிரி அமிலத்துக்கு எல்லாம் கரையாது, இல்லன்னா கண்ணாடியே அரிச்சிருக்கு. தண்ணி கண்ணாடி மேல ரொம்ப நாள் நின்னு நின்னு காஞ்சா கண்ணாடியில இருக்கிற சோடியத்த கொஞ்சம் கொஞ்சமா வெளிய இழுத்து, அந்த சொட்டு காரமா மாறி, கண்ணாடியோட மேற்பரப்பையே மெதுவா கரைக்கும். அதுக்கு மேல தேய்க்கிறது வீண், படி 5-க்கு போங்க.

இந்த இடத்துல கண்டிப்பா சொல்லணும். வாட்டர் ஸ்பாட் ரிமூவர்னு விக்கிற சிலதுல, அதே மாதிரி சில வீல் கிளீனர்லயும், ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமோ அமோனியம் பைஃப்ளூரைடோ இருக்கும். பாட்டில் பின்னாடி இந்த ரெண்டு பேர்ல எது இருந்தாலும் கீழ வச்சுட்டு வந்துருங்க. கண்ணாடியையே கரைக்கிற அமிலம் அது, அத விடுங்க, தோல்ல பட்டா உடனே எரியாமலே கூட உள்ள இறங்கி, மணிக்கணக்கு கழிச்சு வலி ஆரம்பிக்கும், உடம்புல இருக்கிற கால்சியத்தையே குழப்பி உயிருக்கே ஆபத்தா முடியலாம். ஒரு வேளை பட்டுட்டா உடனே தண்ணியில கழுவிக்கிட்டே இருக்கணும், வலி இல்லன்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும். ஒரு கண்ணாடி கறைக்கு இது தேவையா சொல்லுங்க.

படி 3: பிசின், எச்சம், பூச்சி, தார், ஸ்டிக்கர் பசை

பறவை எச்சமும் பூச்சியும் பொறுமைக்கு மட்டும்தான் மடங்கும். ஷாம்பூ தண்ணியில நனைச்ச டிஷ்யூவ மேல போட்டுட்டு பத்து நிமிஷம் வேற வேலை பாருங்க, திரும்பி வந்து தேய்க்காம அப்படியே பேப்பரோட சேத்து வழிச்சு எடுங்க, ஏன்னா எச்சத்துக்குள்ள மணலும் விதையும் இருக்கும். என் கண்ணாடி கீறினதுக்கு ஸ்க்ரப்பர் பாதி காரணம், இது பாதி.

மரப்பிசினுக்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், 70 சதவீதமோ அதுக்கு மேலயோ. பஞ்சுல நனைச்சு பிசின் மேல வச்சு ஒரு ரெண்டு நிமிஷம் அழுத்திப் பிடிங்க. கண்ணாடி மாதிரி கெட்டியா இருந்தது முதல்ல மேல் தோல் மங்கும், அப்புறம் ஜெல்லி மாதிரி நெகிழும், அந்த நேரத்துல ஒரு பழைய பிளாஸ்டிக் கார்டால நெம்பினா முழுசா கழண்டு வரும். அவசரப்பட்டு முன்னாடியே தேய்ச்சா பிசின் கண்ணாடி பூரா இழுவி, ஒரு புள்ளியா இருந்தது ஒரு அடிக்கு ஆயிடும். ஆல்கஹால் சீக்கிரம் தீப்பிடிக்கும், பக்கத்துல பத்த வைக்கிற வேலை வேண்டாம், பெயிண்ட் மேலயும் வழிய விடாதீங்க.

தாருக்கு மண்ணெண்ணெய் இல்ல தார் ரிமூவர், துணியில ஒரு சொட்டு தொட்டு கறை மேல மட்டும். ரப்பர் பீடிங்க்ல படக்கூடாது, முடிச்சதும் ஷாம்பூ போட்டு எண்ணெய்ப் பசை போற வரைக்கும் கழுவணும். பெட்ரோல் போடுறாங்க சில பேர், வேண்டாம், ஆவியே தீப்பிடிக்கும்.

ஸ்டிக்கர்னா ஹேர் டிரையர குறைஞ்ச சூட்டுல வச்சு, ஒரே இடத்துல நிறுத்தாம அசைச்சு அசைச்சு காட்டுங்க, ஒரு மூலை எழும்பினதும் கண்ணாடியோட ஒட்டினாப்பல தாழ்வா, மெதுவா இழுங்க. மேல பாத்து இழுத்தா கிழிஞ்சு பாதி பேப்பர் நிக்கும். மிச்சம் நிக்கிற பசைக்கு ஆல்கஹால், இல்லன்னா சமையல் எண்ணெய தடவி கால் மணி நேரம் ஊற விட்டா பசை தானா உருண்டு வரும், அப்புறம் ஷாம்பூ. ரொம்ப குளிர்ல ஐஸ் மாதிரி இருக்கிற கண்ணாடி மேல சட்டுனு சூடு காட்டாதீங்க.

சிமெண்ட் தெறிச்சிருந்தா மட்டும் தனி ஜாக்கிரதை. அதுல மணலும் இருக்கு, சிமெண்ட்டே காரம், கண்ணாடிய அரிக்கும், அதனால நாள் கடத்தாதீங்க. காஞ்சத சுரண்டவே கூடாது, வினிகர் டிஷ்யூவ மாத்தி மாத்தி போட்டு, பொடிஞ்சு உதிர ஆரம்பிச்சதும் தண்ணிய அடிச்சு இறக்கணும்.

படி 4: க்ளே பார், அப்புறம் பிளேடு

இன்னும் சொரசொரப்பு இருக்குன்னா க்ளே பார், அதாவது காருக்குன்னே விக்கிற களிமண் மாதிரி கட்டி, ஒட்டியிருக்கிற துகள பிடிச்சு இழுத்துரும். பெயிண்ட்டுக்கு போடுற அதே கட்டிதான், தீப்பெட்டி அளவுக்கு பிச்சு தட்டையா அமுக்கி, கண்ணாடியில ஷாம்பூ தண்ணிய நிறைய அடிச்சு, அழுத்தமே குடுக்காம நேர் கோடா ஓட்டுங்க. முதல்ல கரகரன்னு ஒரு சத்தம் வரும், நாலஞ்சு ஓட்டத்துல சத்தம் அடங்கி வழுக்கிக்கிட்டு போகும், அதோட அந்த இடம் முடிஞ்சது. களிமண்ண அடிக்கடி மடிச்சு புது முகத்த எடுங்க, கீழ விழுந்தா தூக்கி போட்டுருங்க, கழுவி எல்லாம் போடாதீங்க.

பிளேடு கடைசிக்கு முந்தின ஆயுதம். முதல்ல பிளாஸ்டிக் பிளேடு, அதுல வராததுக்கு மட்டும் புத்தம் புது ஸ்டீல் பிளேடு, பிடி வச்சது. கண்ணாடி ஷாம்பூ தண்ணியில சொதசொதன்னு நனைஞ்சிருக்கணும், சுமாரா 30 டிகிரி சாய்வு, முன்னாடி மட்டும் தள்ளணும், எடுத்துட்டு திரும்ப முன்னாடி. பிளேட கண்ணாடி மேலயே வச்சு பின்னாடி இழுத்தா அடியில மாட்டின துகள் கோடு போட்டுடும். டெம்பர்ட் கண்ணாடியில இன்னும் ஒரு சிக்கல், தயாரிக்கிறப்ப சில சமயம் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துகள் மேற்பரப்புலயே உருகி ஒட்டியிருக்கும், பிளேடு அத பேத்து இழுத்துக்கிட்டே போனா நீளமா கீறும். அதனால கதவு கண்ணாடியில பிளேடு வேலைய சின்ன இடத்தோட நிறுத்திக்கங்க, கரகரன்னு சத்தம் கேட்டா அந்த நொடியே நிறுத்துங்க. டின்ட் ஃபிலிம் மேல, பின் கண்ணாடியோட உள்பக்கம், பிளாஸ்டிக் ஜன்னல் மேல எல்லாம் பிளேடு பேச்சுக்கே இடமில்ல.

ஸ்டீல் வுல் (இரும்பு நார்) போடலாமான்னா, 0000 நம்பர்னு சொல்ற ரொம்ப மெல்லிசான வகைய வச்சு பண்றவங்க இருக்காங்க, நல்ல ஈரத்தோட, மூலையில டெஸ்ட் பண்ணிட்டு. நான் பண்றதில்ல. ஏற்கனவே ஒரு தடவ சூடு பட்ட பூனை.

படி 5: பாலிஷ்

அரிப்புக்கும் சிலிக்கா படிவுக்கும் சீரியம் ஆக்சைடு பொடிதான். கண்ணாடித் தொழில்லயே பாலிஷுக்கு இதத்தான் போடுறாங்க, வெறுமன சுரண்டாம மேற்பரப்போட ரசாயனமாவும் வேலை செஞ்சு வழவழப்பாக்கும். பொடிய கலக்குறப்ப மாஸ்க் போட்டுக்கங்க. தண்ணி விட்டு கெட்டியான பால் பதத்துக்கு கரைச்சு, சுத்தி இருக்கிற பெயிண்ட்டையும் ரப்பரையும் மாஸ்கிங் டேப் ஒட்டி மறைச்சுட்டு, ஃபெல்ட் பேட்ல தொட்டு ஒரு அடிக்கு ஒரு அடி இடமா எடுத்துக்கங்க. கையால பண்ணா நேரம் எடுக்கும் ஆனா பயம் இல்ல. மெஷின்னா குறைஞ்ச ஸ்பீடு, விடாம தண்ணி ஸ்ப்ரே, அப்பப்ப நிறுத்திட்டு கண்ணாடிய தொட்டுப் பாருங்க, சூடு ஏறுனா ஆற விட்டுட்டு தொடருங்க, ஒரே இடத்துல சூடு ஏறினா விண்ட்ஷீல்டு விரிசல் விடலாம்.

ஆழமான அரிப்ப ஒரே இடத்துல மெஷின் வச்சு குடையாதீங்க, முக்கியமா டிரைவர் கண்ணுக்கு நேரா இருக்கிற பகுதியில. கண்ணாடி அங்க லேசா குழிஞ்சு லென்ஸ் மாதிரி ஆயிடும், எதுக்க வர்ற வண்டி நெளிஞ்சு நெளிஞ்சு தெரியும், கறையோட ஓட்டுறதுக்கு இது ரொம்ப மோசம். அந்த அளவுக்கு அரிச்சிருந்தா கண்ணாடி வேலை தெரிஞ்சவங்ககிட்ட காட்டுங்க, மாத்துறதுதான் வழின்னு அவங்க சொன்னா மாத்திடுங்க. அதே மாதிரி விண்ட்ஷீல்டு மேல நடுவுல கேமராவும் மழை சென்சாரும் இருக்கிற கார்ல, அந்த இடத்துக்கு நேரா பாலிஷ் போடாதீங்க.

டூத்பேஸ்ட்? பேஸ்ட்டுக்கு பேஸ்ட் அரைப்புப் பொடி வேற வேற, சிலது ஒண்ணும் பண்ணாது சிலது மங்கலாக்கும், எது எப்படின்னு ட்யூப்ல எழுதியிருக்காது. கோலா பானத்துல அமிலம் இருக்கிறது நிஜம்தான், கூடவே சர்க்கரையும் இருக்கே, எறும்ப கூப்பிட்ட மாதிரி ஆகும்.

உள்பக்கம்

உள்ள வர்றது வேற ஜாதி அழுக்கு. டேஷ்போர்டு வெயில்ல காய காய பிளாஸ்டிக்லருந்து ஆவி வந்து கண்ணாடியில மெல்லிசா படலமா படியும், புது கார்ல இன்னும் அதிகம், ராத்திரி எதுத்தாப்ல லைட் வந்தா முழுக்க பூத்த மாதிரி தெரியிறது இதனாலதான். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் டிஸ்டில்ட் வாட்டரும் சரிபாதி கலந்து, கண்ணாடியில இல்ல, துணியில ஸ்ப்ரே பண்ணி துடைங்க, டேஷ்போர்டு ஸ்க்ரீன் ஸ்பீக்கர்ல எல்லாம் வழியாது. ஒரு துணி அழுக்க எடுக்க, இன்னொண்ணு காய வைக்க. ஒரே துணியால ரெண்டையும் பண்ணா அழுக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

விண்ட்ஷீல்டோட அடிமூலைக்கு கை எட்டலன்னா, பயணி சீட்ல உக்காந்துக்கிட்டு கைய திருப்பி, விரலோட பின்பக்கத்தால துணிய தள்ளுங்க, டேஷ்போர்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவுல அந்த ஒடுங்கின இடத்துல கை சுலபமா நுழையும். உள்பக்கம் மேலருந்து கீழ, வெளிபக்கம் இடமிருந்து வலம்னு துடைச்சு பழகிட்டா, கடைசியில ஒரு கோடு தெரிஞ்சா அது எந்தப் பக்கத்து கோடுன்னு உடனே சொல்லிடலாம்.

டின்ட் ஃபிலிம் ஒட்டியிருந்தா அமோனியா கலந்த கிளீனர், அசிட்டோன், சொரசொர ஸ்பாஞ்ச் எதுவும் வேண்டாம், ஷாம்பூ ரெண்டு சொட்டு விட்ட தண்ணியும் மெதுவான துணியும் போதும். ஃபிலிம் புதுசுன்னா ஒட்டினவர் சொன்ன நாள் முடியிற வரைக்கும் தொடவே தொடாதீங்க. பின் கண்ணாடியில படுக்கை வசத்துல ஓடுற, சூடாகி பனி மூட்டத்த விலக்குற டிஃபாகர் கோடு கண்ணாடி மேல அச்சடிச்ச மெல்லிசான கம்பிதான், ஒரு இடத்துல அறுந்தா அந்த வரிசை வேலை செய்யாது, அதனால கோடு போற திசையிலயே துடைங்க, குறுக்கால வேண்டாம். மோதிரத்த கழட்டிட்டு கைய விடுங்க.

எந்த சூழ்நிலையிலும் ப்ளீச்சோட வினிகரையோ அமோனியாவையோ கலக்காதீங்க, வர்றது விஷ வாயு, அதுவும் கதவு மூடின கார்க்குள்ள.

கடைசியா

எல்லாம் முடிஞ்சதும் கண்ணாடியில நல்ல தண்ணிய ஸ்ப்ரே அடிச்சுப் பாருங்க. ஒரே படலமா பரவி நின்னா சுத்தமாயிடுச்சு. அங்கங்க விலகி தீவு தீவா நின்னா அந்த இடத்துல இன்னும் எண்ணெயோ வேக்ஸோ இருக்கு, ஆல்கஹால் துணியால இன்னொரு சுத்து. கடைசி அலசலுக்கு டிஸ்டில்ட் வாட்டர் இருந்தா அது, இல்லன்னா ஏசியிலருந்து சொட்டுற தண்ணிய துணியில வடிகட்டி வச்சுக்கங்க, அதுல உப்பு ரொம்ப கம்மி. எந்தத் தண்ணியா இருந்தாலும் தானா காய விடாம துடைச்சிடணும்.

ஏற்கனவே மழைத்தண்ணி ஒட்டாத கோட்டிங் போட்டிருந்தா இவ்வளவு வேலையில அது போயிருக்கும், திரும்ப போடலாம். நல்லா சுத்தமான கண்ணாடியில போட்டாதான் நிக்கும், அதனால இதுதான் சரியான நேரம்.

அப்புறம் வைப்பர். கண்ணாடிய மணிக்கணக்கா கழுவிட்டு பழைய அழுக்கு வைப்பர அப்படியே இறக்கி விட்டா முதல் ஓட்டத்துலயே அரைவட்டமா கோடு போட்டுடும். ரப்பர தூக்கிப் பிடிச்சு, ஆல்கஹால் தொட்ட துணியால விளிம்ப ஒரே இழுப்பா இழுங்க, துணியில கறுப்பா வரும், கறுப்பு குறையிற வரைக்கும் துணிய மாத்தி மாத்தி இழுங்க. ரப்பர் விளிம்பு பிஞ்சிருந்தா மாத்திடுங்க. மாத்துறப்ப ரப்பர் இல்லாத வெறும் இரும்புக் கை தவறி கண்ணாடி மேல விழாம அடியில ஒரு தடிமனான துண்ட மடிச்சு போட்டு வைங்க, ஸ்பிரிங் வேகத்துல அது அடிச்சா விண்ட்ஷீல்டே போயிடும்.